568-லிருந்து 728: சேலத்துக் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவரின் கடன் அறிக்கை

சேலம் சிவதாபுரம் பக்கம் வீட்டு முன்கட்டிலேயே பட்டறை வைத்துக் கொலுசு செய்கிறவர் அவர். வயது நாற்பத்தைந்தைத் தொடும். செவ்வாய்ப்பேட்டை வியாபாரியிடம் வெள்ளியை எடை போட்டு வாங்கி வருவார், கொலுசாக்கி எடை போட்டுத் திருப்பிக் கொடுப்பார், சேதாரம் போகக் கணக்கு முடித்துக் கூலி வாங்குவார். நான்கு பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். 2024 ஜூலையில் கம்பி இழுக்கும் மிஷின் ஒன்று வாங்க, சிறு தொழிலுக்குக் கடன் தரும் முத்ரா திட்டத்தில் மூன்று லட்சம் கேட்டு வங்கிக்குப் போனார். 50,000-க்கு மேல் 5 லட்சம் வரையிலான கிஷோர் பிரிவு அது, அடமானம் கிடையாது. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்று, மிஷின் கொட்டேஷன், பாஸ்புக் எல்லாம் சரியாக இருந்தன. மேலாளர் கணினியைப் பார்த்துவிட்டு, “ஸ்கோர் 568 காட்டுதுங்க, இதை வெச்சுக்கிட்டு மேல அனுப்ப முடியாது” என்று பைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கிய கடனை ஒருவர் எவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார் என்று காட்டும் மதிப்பெண் அது.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஒருவர் தேடி வந்தார். 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரே மாதத்தில் சிபிலை, அதாவது அந்த ஸ்கோரை, கிளீன் செய்து 750-க்குக் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னார். ஆதார் நகல், பான் நகல், போனுக்கு வரும் ஓடிபி மூன்றும் வேண்டும் என்றார். பட்டறைக்காரரின் மனைவி சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் உள்ளவர். “என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறாருங்க” என்று சொல்லிக்கொண்டு இருவரும் என்னிடம் வந்தார்கள். அந்த வட்டாரத்துச் சின்னப் பட்டறைகளுக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

இந்த வேலையைக் கடன்காரர் தன் கையாலேயே செய்யலாம், செலவும் தபால் செலவு அளவுக்குத்தான் ஆகும். அது தெரியாமல் பத்தாயிரம், இருபதாயிரம் என்று கொடுத்துவிட்டு வருகிற தொழிலாளிகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அதனால்தான் இந்த ஒருவருடைய விவரத்தை, அவர் சம்மதத்தோடு, ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். ஆள் பெயர், நிறுவனப் பெயர், கணக்கு எண் எதுவும் இதில் இருக்காது.

அறிக்கையில் என்ன இருந்தது

முதலில் ஸ்கோரை மறந்துவிட்டு முழு அறிக்கையையும் கையில் வாங்கச் சொன்னேன். ஊரில் எல்லாவற்றையும் சிபில் என்றே சொல்கிறோம். ஆனால் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தளங்களில் கட்டணத் திட்டங்களும் இருக்கும், இலவச ஆண்டு அறிக்கை என்பதைப் பார்த்து எடுக்க வேண்டும். நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. நான்கையும் ஒரே வாரத்தில் எடுத்து, பிரின்ட் போட்டு, பட்டறைத் திண்ணையில் வைத்து வரி வரியாகப் பார்த்தோம்.

நான்கையும் எடுத்தது வீண் வேலை என்று அவருக்குத் தோன்றியது. இல்லை. ஒன்றில் இருந்த கணக்கு இன்னொன்றில் இல்லை, ஒரே கணக்கு இரண்டில் இரண்டு விதமாக இருந்தது. வங்கி எந்த நிறுவனத்தின் அறிக்கையை எடுக்கும் என்பது நம் கையில் இல்லை.

மொத்தம் நான்கு இடத்தில் கோளாறு. ஆத்தூர் பக்கம் வாங்கிய டிராக்டர் கடன் ஒன்று, கட்டாமல் போய் ‘ரிட்டன் ஆஃப்’, அதாவது இனி வராது என்று எழுதித் தள்ளியது, என்று நின்றது. பைக் கடன் இன்னும் முடியவில்லை என்று காட்டியது. கிரெடிட் கார்டு ‘செட்டில்டு’, அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்தது, என்று இருந்தது. மச்சான் வண்டிக் கடனுக்கு இவர் போட்ட ஜாமீன் கையெழுத்து நான்காவது. இது போக, அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மட்டும் ஆறு நிறுவனங்கள் இவருடைய அறிக்கையைக் கேட்டிருந்தன. வங்கி இல்லையென்று சொன்ன வேதனையில், போனில் கண்ட கடன் செயலிகளில் எல்லாம் விண்ணப்பம் போட்டிருக்கிறார். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு வரியாக ஏறிவிடும். அதை அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன். ஏறியதை எடுக்க வழியில்லை, நாள் போகப் போகத்தான் அதன் எடை குறையும்.

கோளாறு என்று சேர்த்துச் சொன்னாலும் இவை ஒரே ஜாதி இல்லை. டிராக்டர் வரி முழுப் பொய். பைக் வரி ஒரு காலத்தில் உண்மையாக இருந்து இப்போது பொய்யாகிப்போனது. கார்டு வரி உண்மை. மச்சான் வரியும் உண்மை, அதுவும் மாதாமாதம் நடந்துகொண்டிருக்கிற உண்மை. பொய்யை எதிர்த்து எழுத வேண்டும், உண்மைக்குப் பணமோ காலமோ கொடுக்க வேண்டும். இந்தப் பிரிவினையைச் செய்யாமல் எல்லா வரிக்கும் ஒரே மாதிரி ஆட்சேபம் போடுவதுதான் பணம் வாங்குகிறவர்கள் செய்கிற வேலை. ஆட்சேபம் நிலுவையில் இருக்கும் வரை அந்த வரியின் மேல் அப்படி ஒரு குறிப்பு இருக்கும். கடன் கொடுத்தவர் ‘எங்கள் தகவல் சரி’ என்று பதில் எழுதியதும் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொள்ளாமல் தகவல் நிறுவனம் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. நடுவில் நிற்கிறவருக்கு இதில் தனி வழி எதுவும் கிடையாது.

ஆத்தூர் டிராக்டர்

இவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. “டிராக்டர் சீட்ல கூட நான் உக்காந்ததில்லைங்க” என்றார். 2017-ல் 4,80,000 ரூபாய் கடன், மூன்று லட்சத்துக்கு மேல் பாக்கி. அறிக்கையின் முதல் பக்கத்தில், அடையாள விவரங்கள் இருக்கும் இடத்தில் காரணம் கிடைத்தது. பான் எண் ஒன்றுதான், அது இவருடையது. வாக்காளர் அட்டை எண் மட்டும் இரண்டு இருந்தன. ஒன்று இவருடையது, இன்னொன்றை இவர் பார்த்ததே இல்லை. முகவரி மூன்று, அதில் ஒன்று ஆத்தூர்.

நம் பக்கத்தில் இது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிக்கலை நான் பலரிடம் பார்க்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து. பான் கார்டில் அந்த எழுத்து அப்பா பெயராக விரிந்து கடைசியில் போய் நிற்கும். ஆதாரில் எழுத்தாகவே பெயருக்குப் பின்னால் இருக்கும். பழைய வாக்காளர் அட்டையில் எழுத்தே இருக்காது, அப்பா பெயர் தனி வரியில் இருக்கும். பிறந்த தேதி இன்னொரு சிக்கல். இவர் வயதுக்காரர்கள் பலருக்குப் பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எழுதியதுதான் பிறந்த தேதி. பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி, வயது கணக்குக்குச் சரியாக வரும்படி, மே, ஜூன் தேதிகளாகவே எழுதிவிடுவார்கள். அதே பெயர், அதே முதலெழுத்து, அதே பிறந்த தேதி உள்ள இன்னொருவர் அதே மாவட்டத்தில் இருப்பது பெரிய அதிசயம் இல்லை. பான் எண் இல்லாமல் வாக்காளர் அட்டையை வைத்துக் கொடுத்த கடன் என்றால், பெயரையும் தேதியையும் மாவட்டத்தையும் வைத்துக் கணினி இரண்டு பேரை ஒருவராக்கிவிடுகிறது. அந்த ஆத்தூர்க்காரர் யாரோ, என்ன கஷ்டத்தில் கடன் நின்றதோ, அவர் சுமை இவர் தலையில் ஏறிவிட்டது.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் எழுதினோம். தகவல் நிறுவனத்தின் தளத்தில், அறிக்கையின் மேல் இருக்கும் கன்ட்ரோல் நம்பரைப் போட்டு, ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்ற ஆட்சேபத்தைத் தேர்ந்தெடுத்தோம். டிராக்டர் கடன் கொடுத்த நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் போட்டோம். கடிதத்தில் புலம்பல் எதுவும் வைக்கவில்லை. அதில் இருந்தது இவ்வளவுதான்:

“மேற்படி கடன் கணக்கு என்னுடையது அல்ல. என் பான் அட்டை, ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை நகல்களை இணைத்துள்ளேன். தங்களிடம் உள்ள கடன் விண்ணப்பத்தின் புகைப்படம், கையெழுத்து, வாக்காளர் அட்டை எண் ஆகியவற்றை இவற்றோடு ஒப்பிட்டு, என் பெயரிலிருந்து இந்தக் கணக்கைப் பிரித்து, நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தரவும்.”

கடைசி வாக்கியம் வெறும் மிரட்டல் இல்லை. 2023 அக்டோபர் 26 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைகளில், திருத்தக் கோரிக்கையை மறுத்தால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது. புகார் கொடுத்து 30 நாளுக்குள் முடிக்காவிட்டால், அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கைகளில் வந்ததுதான். கடன் கொடுத்தவர் 21 நாளுக்குள் திருத்திய தகவலை அனுப்பவில்லையென்றால் அவர் கட்ட வேண்டும். அவர் அனுப்பியும் தகவல் நிறுவனம் தாமதித்தால் அது கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது அமலுக்கு வந்தது. இவருடைய புகார் அதற்குப் பிறகு கொடுத்தது. புகாரிலேயே வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிட வேண்டும், பிறகு கேட்டு அலைய வேண்டியிருக்காது.

30 நாளில் பதில் வரவில்லை. புகார் எண்ணைக் குறிப்பிட்டு, நாள் கணக்கையும் எழுதி மறுபடி ஒரு மின்னஞ்சல். 47-வது நாள் அந்த வரி போய்விட்டது. இரண்டு நாள் கழித்து 1,700 ரூபாய் கணக்கில் ஏறியது. அந்தத் தொகையைவிட, தன் பெயர் இன்னொருவர் கடனிலிருந்து கழன்றதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அறிக்கையை மனைவியிடம் கொடுத்து, “டிராக்டர் எங்கயாச்சும் இருக்குதா பாரு” என்று இரண்டு முறை தேடச் சொன்னார். ஸ்கோர் 639 ஆகியிருந்தது.

அந்த 30 நாளில் பதில் வராமல் போனாலோ, வந்த பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதன் சிஎம்எஸ் என்ற இணையதளத்தில் புகார் போட வேண்டும், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2022 செப்டம்பர் முதல் தகவல் நிறுவனங்களும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. இவர் விஷயத்தில் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

பைக் கடனும் மூவாயிரம் ரூபாயும்

பைக் கடன் 2021-லேயே முடிந்தது. பாக்கி இல்லை என்று நிறுவனம் கொடுத்த நோ டியூ கடிதம், கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35, இரண்டையும் வைத்து ஆர்டிஓ அலுவலகத்தில் ஹைப்பாதிகேஷனை (வண்டி கடனுக்கு ஈடாக இருக்கிறது என்ற பதிவை) நீக்கி, ஆர்சி புத்தகமும் சுத்தமாக இருக்கிறது. அறிக்கையில் மட்டும் கணக்கு நடப்பில், பாக்கி 3,150 ரூபாய், தாமதம் மூன்று ஆண்டு.

விசாரித்ததில், ஒரு செக் திரும்பிய கட்டணமும் அதன் மேல் ஏறிய அபராதமும் என்றார்கள். கணக்கை முடித்த கிளை ஒன்று, கட்டணத்தைப் பதிவு செய்த இடம் வேறு. “மூவாயிரந்தானுங்க, கட்டிட்டு விட்டுடறேன்” என்று இவர் பணத்தை எடுத்து வைத்துவிட்டார்.

கட்டக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்ற ஒரே இடம் இதுதான். கட்டினால் கணக்கு முடிந்ததாகும், சரி. ஆனால் கட்டியதே அந்தப் பாக்கி உண்மை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் மூன்று வருடத் தாமதமும் உண்மையாகி அறிக்கையில் தங்கிவிடும். அறிக்கையில் மாதாமாதம் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் எத்தனை நாள் தாமதம் என்று எண் இருக்கும். சரியாகக் கட்டிய மாதத்துக்கு 000. ஸ்கோரை இறக்கியது பாக்கித் தொகையைவிட அந்தக் கட்டங்கள்தான். நிறுவனம் தன் கையெழுத்தோடு ‘நிலுவை எதுவும் இல்லை’ என்று கொடுத்த கடிதம் கையில் இருக்கும்போது, இல்லாத நிலுவைக்கு எதற்குப் பணம்?

நோ டியூ கடிதம், படிவம் 35, ஆர்சி நகல் மூன்றையும் வைத்து, கணக்கு முடிந்த தேதியை அந்தக் கடிதத்தின் தேதியாகவே திருத்தும்படியும், அதற்குப் பிந்தைய தாமதங்கள் அனைத்தையும் நீக்கும்படியும் எழுதினோம். கிளையில் ஒருவர் போனில், “சார், அமவுன்ட் சின்னதுதானே” என்று சமாதானம் பேசினார். எழுத்தில் பதில் தாருங்கள் என்று மட்டும் இவர் சொல்லி வைத்துவிட்டார். மூன்று வாரத்தில் முடிந்த கணக்காக, பழைய தேதியோடு மாறியது. ஸ்கோர் 661.

நோ டியூ கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தது அவர் மனைவி. ரேஷன் கார்டு வைக்கும் அதே பிளாஸ்டிக் கவரில் இருந்தது.

கார்டு

இங்கே கதை வேறு. 2019-ல் வாங்கிய கார்டு, வரம்பு 40,000. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் மூடின, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி கொடுப்பாரும் இல்லை, கொலுசு கேட்பாரும் இல்லை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்திருந்தது. அந்த வங்கி அனுப்பிய குறுஞ்செய்திக்குப் பதில் போடாததால் இவருக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. வட்டியும் அபராதமும் சேர்ந்து 2022-ல் 58,400 ஆனது. வசூல்காரர் வந்து, 26,000 கொடுத்தால் முடித்துக்கொள்ளலாம் என்றார். கொடுத்தார். முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். வங்கி விட்டுக்கொடுத்தது 32,400. அறிக்கையில் ‘செட்டில்டு’.

அடுத்து கடன் கொடுப்பவருக்கு அந்தச் சொல் என்ன சொல்கிறது என்றால், இவரிடம் போன பணம் முழுதாகத் திரும்பவில்லை என்று சொல்கிறது. அது உண்மைதான், ஆட்சேபம் போட்டு ஒன்றும் ஆகாது. இரண்டே வழி. வருடக்கணக்கில் காத்திருப்பது, அல்லது விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டி ‘குளோஸ்டு’ ஆக்குவது. தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு ஆண்டுத் தகவலை வைத்திருக்க வேண்டும், ஆகவே காத்திருப்பு சின்னதாக இருக்காது.

எல்லோரும் கட்டியே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த சில வருடங்களில் கடன் தேவையில்லாதவர் அந்தப் பணத்தைப் பிள்ளை படிப்புக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. இவருக்கு மிஷின் வேண்டும், அது வந்தால் கூலி கூடும். அதனால் கட்டுவது என்று முடிவானது. ஆனால் அதற்கு இன்னொரு கடன் வாங்கக் கூடாது என்று வீட்டம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தை மாதம் அவர் சீட்டு எடுத்த பிறகுதான் கட்டினார்கள்.

பணம் போவதற்கு முன்னால் கடிதம் வர வேண்டும். இதில் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளையில், “கட்டுங்க, தானா மாறிடும்” என்பார்கள். மாறாது. மீதி 32,400 செலுத்தியதும் கணக்கு நிலை ‘குளோஸ்டு’ என மாற்றப்படும், செட்டில்மென்ட் தொகையும் ரிட்டன் ஆஃப் தொகையும் பூஜ்யமாகத் தெரிவிக்கப்படும், நான்கு நிறுவனங்களுக்கும் அனுப்பப்படும், மேற்கொண்டு வட்டி கேட்கப்படாது என்று வங்கியின் மின்னஞ்சல் வந்த பிறகுதான் பணம் போனது. அதுவும் கார்டு கணக்குக்கே நெஃப்ட் மூலம். வசூல்காரர் கையில் ரொக்கமாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை. பிறகு நோ டியூ கடிதம். அதுவும் அந்தக் கவருக்குள் போனது.

இவ்வளவு செய்தும் ஸ்கோர் 672-க்குத்தான் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் ஏமாற்றம். 2020 முதல் 2022 வரை தாமதமான மாதங்கள் உண்மை, அவை கட்டங்களில் அப்படியே இருக்கின்றன. ‘குளோஸ்டு’ என்ற சொல் ஸ்கோருக்குச் செய்ததைவிட, பைலைக் கையில் எடுத்துப் படிக்கிற மேலாளருக்குச் செய்ததுதான் அதிகம்.

மச்சான் வண்டி

மனைவியின் தம்பி லீ பஜாரிலிருந்து மளிகைச் சரக்கு ஏற்றும் ‘சின்ன யானை’ வண்டி வைத்திருக்கிறார். அதற்கு இவர் ஜாமீன். ஜாமீன் போட்ட கடன் நம் அறிக்கையிலும் ஏறும் என்பது இருவருக்கும் தெரியாது. மாதாமாதம் ஐந்து நாள், ஆறு நாள் தாமதம் என்று வரிசையாக இருந்தது, இரண்டு மாதம் முப்பதைத் தாண்டியிருந்தது.

இந்தப் பேச்சைத் தொடங்கத்தான் பட்டறைக்காரர் மிகவும் தயங்கினார். மச்சான் வந்து உட்கார்ந்ததும், “மாமா, நான் ஒரு மாசம்கூடக் கட்டாம விட்டதில்லையே” என்று முகம் வாடிப்போனார்.

“விட்டேன்னு யாரும் சொல்லலை மாப்ள. தேதிதான் தப்பிப்போகுது.”

உண்மையும் அதுதான். தவணை 25-ம் தேதி. கடைக்காரர்கள் வாடகைக் கணக்கை முடித்துக் கொடுப்பது அடுத்த மாதம் பத்துக்குள். வங்கிகள் அப்போது மாதக் கடைசி நிலவரத்தை வைத்துத் தகவல் அனுப்பின. 25-ம் தேதி கணக்கில் பணமில்லாமல் திரும்பி, பத்தாம் தேதி கட்டப்படுகிற தவணை, மாதக் கடைசியில் எப்போதும் பாக்கியாகவே தெரியும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கட்டணம் வேறு, நிறுவனத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று.

வண்டி ஓட்டும் நேர்மையான பிள்ளைக்கு இதில் செய்ய வேண்டியது ஒரே ஒரு கடிதம்தான்: தவணைத் தேதியை 12-க்கு மாற்றுங்கள். தவணையை வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுக்க அனுமதிக்கும் புது நாச் மேண்டேட்டில் கையெழுத்துப் போட்டார், இடைப்பட்ட நாட்களுக்குக் கொஞ்சம் வட்டி கேட்டார்கள், கட்டினார். 2025 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி தகவல் அனுப்புவதை 15-ம் தேதி, மாதக் கடைசி என இரண்டு முறையாக்கியது. 12-ம் தேதி பிடித்துவிட்டால் இரண்டு தேதியிலும் கணக்கு சுத்தமாக இருக்கும். அந்த மாதத்திலிருந்து இருவர் அறிக்கையிலும் 000.

மற்றவை

பழைய தாமதங்கள் பின்னால் போக வேண்டுமென்றால் முன்னால் நல்ல மாதங்கள் சேர வேண்டும். இவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும் கடன் என்று சொல்ல ஜாமீன் கடனைத் தவிர வேறெதுவும் இல்லை. அதனால் வங்கியில் 20,000 ரூபாய் வைப்புத்தொகை போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு எடுத்தார். வைப்பு அடமானமாக இருப்பதால் ஸ்கோர் குறைந்தவர்களுக்கும் இது கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் பட்டறை கரண்ட் பில், வண்டிக்குப் பெட்ரோல், அவ்வளவுதான் அதில். வரம்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, பில் வந்ததும் முழுத்தொகையையும் கட்ட வேண்டும். ‘மினிமம் டியூ’ என்று போட்டிருக்கும் சின்னத் தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு மீதித் தொகையின் மேல் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 2020-ல் இவருடைய பழைய கார்டு அப்படித்தான் வீங்கத் தொடங்கியது.

அறிக்கையில் இருந்த போன் எண்ணையும் மாற்றினோம். இவர் எப்போதோ விட்டுவிட்ட எண் அது. யாராவது நம் அறிக்கையை எடுத்தாலும், தாமதம் என்று நம்மைப் பற்றித் தகவல் அனுப்பினாலும், நமக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்று விதி இருக்கிறது. எண் பழசாக இருந்தால் அது யாருக்கோ போய்ச் சேரும்.

நடுவில் ஒரு நாள், ஒரு செயலியில் ஒரு லட்சம் உடனே தருகிறோம் என்று செய்தி வந்தது. ஆடி முடிந்து கல்யாண சீசனுக்கு வேலை குவியும் நேரம், பணத்தின் தேவை நிஜமாகவே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. இந்த மொத்த வேலையிலும் அவர் செய்த கடினமான காரியம் அதுதான் என்பது என் கருத்து.

2025 ஆகஸ்டில் ஸ்கோர் 728. அதே கிளைக்குப் போனார். மேலாளர் அறிக்கையைப் புரட்டி, 2020-ன் கார்டு தாமதங்களில் விரலை வைத்து நிறுத்தினார். ஊரடங்கில் வேலை நின்றது, பாதி கட்டி முடித்தது, பிறகு மீதியையும் கட்டியது, மூன்றையும் தேதியோடு ஒரே பக்கத்தில் எழுதி, நோ டியூ கடிதத்தையும் இணைத்துக் கொண்டுபோயிருந்தார். அதைப் படித்துவிட்டு, “மீதியையும் கட்டிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். இரண்டரை லட்சம் ஒப்புதலானது. கேட்டதைவிட ஐம்பதாயிரம் குறைவு. அதைச் சீட்டிலிருந்து சமாளித்து மிஷினை இறக்கிவிட்டார்கள்.

வேலை முழுதாக முடியவில்லை. நான்கு அறிக்கைகளில் இரண்டில் டிராக்டர் கடன் இருந்தது, இரண்டிலிருந்தும் போய்விட்டது. ஆனால் அவற்றில் ஒன்றில் ஆத்தூர் முகவரியும் அந்த இன்னொருவரின் வாக்காளர் அட்டை எண்ணும் அடையாளப் பகுதியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை அங்கே இருக்கும் வரை அவருடைய அடுத்த கடனும் இவர் பெயரில் வந்து சேர வாய்ப்பு உண்டு. அதற்குத் தனியாக ஆட்சேபம் போட்டிருக்கிறோம். இந்த முறை படிவத்தை நிரப்பியது அவர் மனைவி, புகார் எண்ணையும் முப்பதாவது நாள் எது என்பதையும் குழுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.